உங்கள் சம்பளத்துக்குள் எந்தக் கார் அடங்கும்?

ஷோரூமில் உட்கார்ந்ததும் விற்பனையாளர் முதலில் கேட்பது, "கேஷா சார், லோனா?" லோன் என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "மாசம் எவ்வளவு கட்டுற மாதிரி பார்க்கலாம்?" அக்கறையோடு கேட்பதுபோல இருக்கும். இதற்கு வாய்தவறி ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பேரத்தின் கடிவாளம் அவர் கைக்குப் போய்விடும்.

12,000 என்று சொன்னீர்கள் என்று வையுங்கள். 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடன் என்றால் அந்தத் தவணைக்கு 5.78 லட்சம் கடன் கிடைக்கும். ஏழு வருஷமாக இழுத்தால் அதே 12,000-க்கு 7.46 லட்சம் கிடைக்கும். உங்கள் சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கார் மட்டும் ஹேட்ச்பேக்கிலிருந்து எஸ்யூவி பக்கம் நகர்ந்துவிட்டது. தவணைக் காலத்தை நீட்டினால் எந்தக் காரும் எந்தச் சம்பளத்துக்குள்ளும் அடங்குவதுபோல் காட்டிவிடலாம்.

அதனால் இந்த அத்தியாயம் தலைகீழாகப் போகிறது. முதலில் வீட்டுச் செலவு, பிறகு காரை ஓட்டும் செலவு, அதற்குப் பிறகுதான் கடன். காரின் விலை கடைசியில், தானாக வந்து விழ வேண்டும்.

வீட்டில் என்ன மிஞ்சுகிறது

கணக்கு புரிவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோவை கணபதியில் வாடகை வீடு. கணவர் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. பி.எஃப். பிடித்தம் போக கணவர் கைக்கு வருவது 52,000, மனைவி கைக்கு வருவது 26,000. ஆக மொத்தம் 78,000 ரூபாய். ஆறாவது படிக்கும் மகள். உடுமலைப்பேட்டையில் கணவரின் அப்பா, அம்மா. இப்போதைக்கு வீட்டில் இருப்பவை ஒரு ஸ்கூட்டரும் ஒரு பைக்கும்.

"மாசம் ஒரு நாற்பது, நாற்பத்தஞ்சு செலவாகும்" என்றுதான் இந்த மாதிரி வீடுகளில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். கடந்த பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஜிபே கணக்கையும் எடுத்து வைத்துக் கூட்டுங்கள். ஒரே மாதத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, பள்ளிக் கட்டணம் ஜூனில் மொத்தமாகப் போகிறது, எல்.ஐ.சி. பிரீமியம் வருஷத்துக்கு ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்காக்கினால்தான் உண்மை தெரியும்.

நம் குடும்பத்துக்கு அப்படிக் கூட்டினால் வருவது இது. வாடகை 14,000. மளிகை, காய்கறி, பால், கேஸ் 15,000. கரண்ட், போன், இன்டர்நெட் 3,500. பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 96,000, அதாவது மாதம் 8,000. வேன் 1,500. பெற்றோருக்கு அனுப்புவது 6,000. இரண்டு வண்டிகளுக்கும் பெட்ரோல், சர்வீஸ் 3,500. ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து 4,500. சீட்டு 5,000. மருந்து, டாக்டர் 2,000. மிச்சமிருக்கும் வரியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: தீபாவளி, பொங்கல், கல்யாணம், காதுகுத்து, புதுமனை, மொய், சீர். ஆவணியிலும் தையிலும் பத்திரிகைகள் வரிசையாக வரும். நெருங்கிய சொந்தத்தில் ஒரு சீர் வந்தால் அந்த மாதச் சேமிப்பு அவ்வளவுதான். இதை எந்த பட்ஜெட் செயலியும் தானாகக் கேட்காது. குறைத்துப் போட்டாலும் மாதம் 4,000 ஆகும்.

கூட்டினால் 67,000. மிச்சம் 11,000.

இதில் இரண்டு மாற்றங்கள் செய்ய வேண்டும். கார் வந்தால் பைக் பெட்ரோலும் உடுமலைக்குப் போய்வரும் செலவும் கொஞ்சம் குறையும். அதற்கு 2,000 சேர்த்துக்கொள்ளலாம். சீட்டு இன்னும் சில மாதங்களில் முடியப்போகிறது. அந்த 5,000 விடுபடும். ஆக 18,000. இதில் 3,000 ரூபாயைத் தொடாமல் விட்டுவிடுங்கள். வாடகை ஏறும், கட்டணம் ஏறும், சம்பளம் அதே வேகத்தில் ஏறாது. எஞ்சுவது 15,000. இந்தக் குடும்பம் கார் என்ற ஒரு சொல்லுக்காக மாதம் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை இது. தவணையும் பெட்ரோலும் பஞ்சர் காசும் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

அமெரிக்காவில் 20-4-10 என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள்: 20 சதவீதம் முன்பணம், நான்கு வருஷக் கடன், கார் செலவு முழுவதும் வருமானத்தில் 10 சதவீதத்துக்குள். நம் ஊர் யூடியூப் நிபுணர்களும் அதை ஒப்பிக்கிறார்கள். முன்பணத்தைப் பற்றியும் கடன் காலத்தைப் பற்றியும் அது சொல்வது நல்ல புத்திதான். வருமானத்தில் இத்தனை சதவீதம் என்பதுதான் நமக்கு ஒட்டாது. 78,000 சம்பளத்தில் சொந்த வீட்டில் இருப்பவரும், வாடகை கொடுத்து ஊருக்கும் பணம் அனுப்புகிறவரும் ஒரே நிலையில் இல்லை. சம்பளத்தைப் பார்க்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள்.

ஓட்டும் செலவு

மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பெரும்பாலானவர்கள் கூட்டித்தான் சொல்வார்கள். நம் குடும்பத்தில் இரண்டு பேரும் வேலைக்கு இரு சக்கர வண்டியில்தான் போவார்கள். கோவை காந்திபுரம் நெரிசலில் தினமும் கார் எடுப்பது அவர்களுக்குக் கட்டாது. மாதம் இரண்டு முறை உடுமலை, ஞாயிற்றுக்கிழமை வெளியே, எப்போதாவது பழனி, ஆஸ்பத்திரி. 500 கிலோமீட்டர் என்று வைக்கலாம்.

கம்பெனி விளம்பரத்தில் 24, 25 என்று போடும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் எடுத்தது. ஏசி போட்டு, சிக்னலில் நின்று, நாலு பேரும் பெட்டியும் ஏறினால் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஊருக்குள் 13, 14-தான் தரும். ஹைவேயில் நிதானமாக ஓட்டினால் 18, 19 வரலாம். பட்ஜெட்டுக்கு 14 என்றே போடுங்கள். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 500 கிலோமீட்டருக்கு 3,600 ரூபாய்.

காப்பீடு அடுத்தது. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். 2022-இல் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை அது 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596. இது காரை வாங்கும் செலவில் சேர்ந்துவிடும். அடுத்த வருஷம் முதல் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஷோரூம்காரர்கள் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் தேய்மானக் கழிவில்லாத பாலிசியை முதல் ஐந்து வருஷமாவது வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காருக்கு மாதம் 1,000 ஒதுக்கினால் போதும்.

சென்னையில் தாழ்வான பகுதியில் வீடு என்றால் இன்னொரு செலவும் உண்டு. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, உள்ளே போன தண்ணீரால் இன்ஜின் உடைந்தால், சாதாரண முழுக் காப்பீடு அதை ஏற்காது. அதற்கென்று தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்க்க வேண்டும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியது இந்த பயத்தில்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்ட பாடு அவர்களுக்கு மறக்கவில்லை. கணபதியில் இந்தச் செலவு தேவையில்லை.

சர்வீஸ் வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. முதல் மூன்று 'ஃப்ரீ சர்வீஸ்' என்றால் கூலிதான் இலவசம். ஆயில், ஃபில்டர் காசு உங்களுடையது. மாதம் 800 எடுத்து வையுங்கள். டயரும் பேட்டரியும் நான்காவது, ஐந்தாவது வருஷத்தில் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும். குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்குள் வெயிலில் கிடந்து வெடிப்பு விட்டுவிடும். 'நான்தான் ஓட்டவே இல்லையே' என்பது டயருக்குத் தெரியாது. நாலு டயர், ஒரு பேட்டரி, பிரேக் பேட், வைப்பர் எல்லாம் ஐந்து வருஷத்துக்கு 36,000 என்று எடுத்தால் மாதம் 600.

பிறகு சில்லறை: வாட்டர் வாஷ், பார்க்கிங், டோல். அடிக்கடி தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது. 200 முறை அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அதுவரை செல்லும். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து திருச்சி போய்வருகிறவருக்கு நல்ல லாபம், மற்றவர்களுக்கு வீண். மாநில நெடுஞ்சாலை டோல்களில் அது செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். எலியையும் மறக்கக் கூடாது. இரவில் சூடான இன்ஜினுக்குள் வந்து படுத்து ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். அந்த ஒயரிங் செலவு வாரண்டியில் வராது. இத்தனைக்கும் சேர்த்து 1,000.

3,600, 1,000, 800, 600, 1,000. கூட்டினால் 7,000. நம் 15,000-இல் கிட்டத்தட்டப் பாதி, கடன் தொடங்கும் முன்பே போய்விட்டது. தவணைக்கு மிஞ்சியது 8,000.

கடன்

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள், பிறகு தொகையை. ஐந்து வருஷத்துக்கு மேல் கார் கடன் வேண்டாம் என்பது என் கருத்து. 6 லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் மூன்று வருஷத் தவணை 19,080, மொத்த வட்டி 87,000 ரூபாயை ஒட்டி வரும். ஐந்து வருஷம் என்றால் தவணை 12,455, வட்டி 1.47 லட்சம். ஏழு வருஷம் என்றால் தவணை 9,653, வட்டி 2.11 லட்சம். ஏழு வருஷக் கடனில் வட்டி மட்டும் பிரச்சினை இல்லை. ஐந்தாவது வருஷம் டயர் மாற்றி, பேட்டரி மாற்றி, சஸ்பென்ஷன் சத்தத்துக்கு மெக்கானிக்கைத் தேடும்போதும் இன்னும் இரண்டு வருஷத் தவணை பாக்கி இருக்கும். நடுவில் விற்கலாம் என்றால், கைக்கு வரும் விலையில் பெரும்பகுதி கடனை அடைக்கவே போய்விடும்.

8,000 தவணை, 9 சதவீதம், ஐந்து வருஷம்: 3.85 லட்சம் கடன். அவ்வளவுதான்.

வட்டி விகிதத்தைக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. சில நிதி நிறுவனங்களும் புரோக்கர்களும், முக்கியமாகப் பழைய கார் கடனில், 'ஃப்ளாட் ரேட் 6 பர்சன்ட்தான்' என்பார்கள். பேங்க்கில் 9 கேட்கிறார்களே, இது மலிவாயிற்றே என்று தோன்றும். ஃப்ளாட் என்றால் நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது. முதல் நாள் தொகைக்கே கடைசி வரை வட்டி. 6 லட்சத்துக்கு 6 சதவீதம் ஃப்ளாட், ஐந்து வருஷம் என்றால் வட்டி 1.8 லட்சம், தவணை 13,000. குறையும் அசலுக்கான விகிதமாக மாற்றினால் அது கிட்டத்தட்ட 11 சதவீதமாகிவிடுகிறது. பேங்க் கடனைவிட மாதம் 545 ரூபாய் அதிகம். குழம்ப வேண்டாம்: 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் தருகிறவர் ஒரு முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும். பிராசசிங் கட்டணம் உள்பட எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். இரண்டு இடங்களின் தாள்களை அருகருகே வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

மாறும் வட்டிக் கடனா, நிலையான வட்டியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2026 ஜனவரி 1-ஆம் தேதி முதல் ஒப்புதலாகும் மாறும் வட்டிக் கடன்களை, தொழிலுக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய தனிநபர், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. போனஸ் பணத்தை அசலில் போட நினைக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

முன்பணத்துக்கு வருவோம். நம் குடும்பத்திடம் பேங்க் டெபாசிட் 3.5 லட்சம் இருக்கிறது. சீட்டு முடிந்தால் கமிஷன் போக 1.9 லட்சம் வரும். ஆக 5.4 லட்சம். இதில் மூன்று மாத வீட்டுச் செலவான 2 லட்சத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். வேலை போனாலும், அப்பாவுக்கு ஆப்பரேஷன் என்றாலும் அதுதான் கை கொடுக்கும். சீட் கவர், மேட், முதல் டேங்க் பெட்ரோல், பூஜை, ஆபீஸில் ஸ்வீட் என்று 15,000. மிஞ்சுவது 3.25 லட்சம். கூடவே 'அம்மா வளையலை வைத்து இன்னும் ஒரு லட்சம் வாங்கிக்கலாம்' என்ற யோசனை வரும். நகைக்கடன் என்றால் இன்னொரு வட்டி. அதையும் மாத உச்சத் தொகையான 15,000-க்குள் அடக்க முடிந்தால் வையுங்கள். முடியாதென்றால் வளையல் பீரோவிலேயே இருக்கட்டும்.

3.25-உம் 3.85-உம் சேர்த்தால் 7.10 லட்சம். இந்தக் குடும்பத்தின் ஆன்-ரோடு விலை இதுதான்.

ஆன்-ரோடிலிருந்து எக்ஸ்-ஷோரூமுக்கு

விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40, மின்சாரக் கார்களுக்கு 5. அதற்கு மேல்தான் தமிழ்நாட்டின் ஆயுள் வரி ஏறுகிறது. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு, 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

10 லட்சம் என்ற கோட்டை மட்டும் கவனமாகப் பாருங்கள். 9.95 லட்சம் காருக்கு 13 சதவீதத்தில் வரி 1,29,350. 10.05 லட்சம் காருக்கு 18 சதவீதத்தில் 1,80,900. காரின் விலை 10,000 ரூபாய்தான் கூடியது, வரி 51,550 கூடிவிட்டது. போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். சன்ரூஃப் வேண்டும் என்று ஒரு வேரியன்ட் மேலே ஏறுகிறவர்கள் பலர், தெரியாமல் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள்.

நம் 7.10 லட்சத்தில் முதல் வருஷக் காப்பீட்டுக்கு 35,000, பதிவுக் கட்டணம், கடன் பதிவு, ஃபாஸ்டேக் போன்றவற்றுக்கு 5,000 கழித்தால் 6.70 லட்சம். அதை 1.13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.93 லட்சம். இந்த எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் வரும் காரைத்தான் இவர்கள் பார்க்க வேண்டும். வேகன்ஆர், செலேரியோ, டியாகோ வகையறாவில் நடுத்தர வேரியன்ட்டுகள் தேடினால் அகப்படும். நெக்ஸானும் ப்ரெஸாவும் இந்த வீட்டுக்கு இப்போது இல்லை. 'மாசம் 12,000 கட்டலாம்' என்று ஷோரூமில் சொல்லியிருந்தால் இந்நேரம் அவற்றில் ஒன்றுக்கு புக்கிங் போட்டிருப்பார்கள்.

கொட்டேஷனை வரி வரியாக எழுதி வாங்குங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்', 'எசென்ஷியல் கிட்', டெஃப்லான் கோட்டிங் என்று வந்தால் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். அரசு ரசீது இல்லாத எந்த வரியும் பேரத்துக்கு உட்பட்டதுதான். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, அதே ஐ.டி.வி. (காப்பீட்டு மதிப்பு), அதே கூடுதல் பாதுகாப்புகளுக்கு வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கிக் கையில் வைத்திருந்தாலே ஷோரூம் பிரீமியம் கொஞ்சம் இறங்கும். ஏழு லட்சத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு 900 ரூபாய் மேட்டுக்கு அரைமணி நேரம் வாதாடுகிறவர்களைப் பார்க்கலாம். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான்.

மின்சாரக் கார் பற்றி இங்கே ஒரு பத்தி போதும். கிலோமீட்டர் செலவு மிகக் குறைவு, விலை அதிகம். தமிழ்நாட்டில் அவற்றுக்கு ஆயுள் வரிச் சலுகை தரப்பட்டு வந்திருக்கிறது. நீங்கள் வாங்கும் நாளில் நடப்பில் உள்ளதை ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு விலை வித்தியாசம் திரும்பி வர நெடுநாள் ஆகும். 1,500-க்கு மேல் ஓட்டுகிறவர், சொந்த வீட்டில் சார்ஜர் மாட்ட இடமுள்ளவர் என்றால் கணக்கே வேறு.

வாங்காமலே இருந்தால்?

இந்தக் கேள்வியைக் கேட்காத கார் வழிகாட்டி விளம்பரத் துண்டுப் பிரசுரத்துக்குச் சமம். நம் குடும்பம் மாதம் 15,000 செலவழித்து 500 கிலோமீட்டர் போகிறது. கிலோமீட்டர் 30 ரூபாய். கடைசியில் காரை விற்றால் பணம் வருமே என்பீர்கள். வரும், ஆனால் முதல் நாள் போட்ட முன்பணம் 3.25 லட்சமும் உங்கள் பணம்தான். ஐந்து வருஷம் கழித்து அதே தொகை கையில் கிடைத்தால் கணக்கு அதே 30 ரூபாயில்தான் நிற்கும். டிராவல்ஸ் வண்டி டிரைவர் படியெல்லாம் சேர்த்துக் கிலோமீட்டர் 16 என்று வைத்தாலும் 500 கிலோமீட்டருக்கு 8,000. பாதிச் செலவு. எலித் தொல்லையும் கிடையாது.

அதனால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் என்றால் உடுமலையில் ஆப்பில் வண்டி வருமா என்பது வேறு கேள்வி. மழையில் ஸ்கூட்டரில் மகளைக் கூட்டிவருவதும் வேறு கேள்வி. மாதம் 7,000 அதிகம் கொடுத்து அந்த நிம்மதியை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். மாதம் 300 கிலோமீட்டருக்குள்தான் ஓடும், வீட்டில் வயதானவர்களும் இல்லை என்றால் மட்டும், டாக்ஸியே போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

பழைய கார் இன்னொரு வழி. புதுக் காரின் மதிப்பு முதல் மூன்று, நான்கு வருஷங்களில்தான் வேகமாகச் சரியும். காப்பீட்டு மதிப்புக்கான அட்டவணையே இரண்டு வருஷம் தாண்டினால் 30 சதவீதமும், மூன்று தாண்டினால் 40 சதவீதமும் கழிக்கிறது. அந்தச் சரிவை வேறொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். ஆனால் பழைய கார் கடனுக்கு வட்டி கூடுதல். அதனால் நம் குடும்பம் இந்த வழியில் போனால் கடனைச் சுருக்கி, 4.5 லட்சத்துக்குள் ஒரு காரைப் பார்த்து, 40,000 ரூபாயை டயர், பேட்டரி, முழு சர்வீஸுக்குத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

பார்க்கப் போகும்போது உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். தரை விரிப்பைத் தூக்கினால் ஈர வாடை அடிக்கும். பரிவாகன் தளத்தில் கடன் பதிவும் செலுத்தாத அபராதமும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பாலிசியைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், க்ளெய்ம் எடுக்காததற்காக விற்கிறவருக்குக் கிடைத்த என்.சி.பி. தள்ளுபடி அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. கர்நாடகா, புதுச்சேரி பதிவெண் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால், இங்கே மறுபதிவுக்கும் தமிழ்நாட்டு வரிக்கும் ஆகும் தொகையைக் கூட்டிய பிறகும் மலிவுதானா என்று பாருங்கள்.

ஆறு மாத ஒத்திகை

கணக்கு தாளில் சரியாக வந்துவிடும். வீட்டில் வருமா என்பது வேறு. அதற்கு ஒரு வழி: காரே இல்லாமல் கார் செலவைத் தொடங்குவது. சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்கு ஒரு தொகை போகும்படி போட்டுவையுங்கள். நம் குடும்பத்தில் சீட்டு முடியும்வரை 10,000, முடிந்ததும் 15,000. ஏடிஎம் கார்டு வாங்காத கணக்காக இருந்தால் நல்லது.

ஆறு மாதத்தில் ஒரு ஜூனும் ஒரு தீபாவளியும் அடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் யார் வேண்டுமானாலும் சேமிப்பார்கள். எந்த மாதம் அந்தக் கணக்கில் கை வைத்தீர்கள், எதற்காக, எவ்வளவு என்று காலண்டரிலேயே குறித்துவையுங்கள். ஒரு மாதம் 2,000 எடுத்து மறு மாதம் திருப்பிப் போட்டிருந்தால் பரவாயில்லை. மூன்று மாதம் கை வைத்திருந்தால் உங்கள் எண் 15,000 இல்லை, 11,000 அல்லது 12,000. அதை வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி போடுங்கள். ஓட்டும் செலவு 7,000 அப்படியே இருக்கும், அடி முழுவதும் தவணை மேல் விழும். 12,000 என்றால் தவணைக்கு 5,000, கடன் 2.4 லட்சம், ஆன்-ரோடு 5.65 லட்சம். அப்போது புதுக் காரில் ஆரம்ப மாடல்களைப் பார்க்கலாம், அல்லது பழைய காருக்குப் போகலாம், அல்லது ஒத்திகையை இன்னும் ஆறு மாதம் நீட்டலாம்; சேர்ந்த பணமும் முன்பணத்தோடு சேரும்.

ஒத்திகை தேறியதும் ஒரு துண்டுத் தாளில் மூன்றே எண்கள் எழுதிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்: ஆன்-ரோடு 7.10 லட்சம், கடன் 3.85 லட்சம், 60 மாதம். "மாசம் எவ்வளவு?" என்று கேட்டால் முதல் எண்ணை மட்டும் சொல்லுங்கள். டிசம்பரில் தள்ளுபடி நிறைய இருக்கும். ஜனவரி பிறந்ததும் அந்த வண்டி போன வருஷ மாடலாகிவிடும் என்பதால்தான் அந்தத் தள்ளுபடி. ஏழெட்டு வருஷம் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம், மூன்று வருஷத்தில் விற்பவர் என்றால் விற்கும்போது அந்தத் தள்ளுபடியைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். புக்கிங் பணம் கட்டும் முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கடன் ஒப்புதல் கையில் வரும்வரை புக்கிங் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், மீதிப் பணத்தைக் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை யார்டுக்கே போய்ப் பார்த்து, தயாரித்த மாதத்தையும் சேஸிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.